மூன்றாம் வரிசை, அடிப்பெட்டி

மதியம் இரண்டு மணிக்கு வேலை முடியும். சான் கந்தோல்ஃபோ கல்லறைத் தோட்டத்தின் பின்வாசலில் ஒரு குழாய் உண்டு. அதில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு ரொசோலினோ வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பிப்பான். பலெர்மோவில் அது நடக்கிற நேரமில்லை. கடைக்காரர்கள் ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பார்கள். நாய்கூட நிழலை விட்டு நகராது. முன்பெல்லாம் அவன் பேருந்தில்தான் போய்க்கொண்டிருந்தான். ஜூலைக் கடைசியில் ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெண் சன்னலைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் இருந்தவர் அவருடைய சன்னலைத் திறந்தார். அப்புறம் வண்டியிலிருந்த எல்லாச் சன்னலும் திறந்தது. அடுத்த நிறுத்தத்தில் ஏறவோ இறங்கவோ ஆள் இல்லை. ஆனாலும் ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். ரொசோலினோ இறங்கிக்கொண்டான். அன்றிலிருந்து நடைதான். ஐம்பது நிமிடம்.

போகிற வழியும் லேசுப்பட்டதல்ல. முதலில் ஓரேத்தோ ஆறு கடலில் விழுகிற இடம். ஆறு என்று பேர்தான். சோப்பு நுரையும் செத்த எலியும் மிதக்கிற சாக்கடை. பாலத்தைத் தாண்டினால் கடற்கரைச் சாலை. அங்கே மூத்திரக்கறை படிந்த மெத்தைகளையும் கதவு கழன்ற குளிர்பெட்டிகளையும் கொண்டுவந்து போட்டிருப்பார்கள். அதற்கு அந்தப்பக்கம் ரயில் நிலையத்தின் முதுகுப்புறம். கடைசியாகப் பலாரோ சந்தை. அவன் வருகிற நேரத்தில் சந்தை கலைந்திருக்கும். மீன்கடைகளிலிருந்து வழித்துவிட்ட தண்ணீர் செதிலும் ரத்தமுமாகக் கல்தரையின் நடுவில் ஓடும். மிதிபட்ட தக்காளி வெயிலில் புளித்துக் கிடக்கும். மூலையில் ஒருவன் ஆட்டுக்குடலைக் கம்பியில் சுற்றி நெருப்பில் வாட்டிக்கொண்டிருப்பான். அந்தக் கொழுப்புப் புகை தலைமுடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இத்தனைக்கும் நடுவில் ரொசோலினோ நடந்து வந்தால் ஆட்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். ரொட்டிக்காரி ரொட்டியைத் தாளில் சுற்றிக் கல்லாமேடையின் ஓரத்தில் தள்ளிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டாள். மீன்குடலில் நின்றுகொண்டு என்னைப் பார்த்து மூக்கைப் பொத்துகிறான்களே என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவர்கள்மேல் தப்பில்லை என்பதும் அவனுக்குத் தெரியும்.

இருபத்தெட்டு வருடமாகக் குழி தோண்டுகிறவன் அவன். மண்ணுக்குள் போன பிணத்தின் வாடை அவனுக்குப் பழகியது. அதில் மண் கலந்திருக்கும், வேர் கலந்திருக்கும். இது வேறு. இனிப்பாக இருந்தது. அழுகிய பேரிக்காயை வெண்ணெயில் வதக்கினது மாதிரி. சட்டையில் ஒட்டினது தோலுக்குப் போய், நாக்குக்குப் போய், கடைசியில் ரொட்டியிலும் தெரிந்தது.

கொட்டகை நாற்றம் அது. தகன உலை ஏப்ரலில் பழுதாகி நின்றுவிட்டது. புதைக்க மண்ணில் இடமில்லை; பெட்டியை உள்ளே வைத்துப் பூசுகிற சுவர் மாடங்களும் நிரம்பிப்போயின. சாவு மட்டும் நின்றபாடில்லை. பழைய வண்டிக் கொட்டகையில் இரும்புச் சட்டங்கள் போட்டுப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முதலில் நாற்பது. ஆகஸ்டில் நானூறைத் தாண்டியது. ஆப்பிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற சூட்டுக்காற்று வீசிய வாரத்தில் பெட்டிக்குள் பொதிந்திருந்த துத்தநாகத் தகடுகள் உப்பி, தையல் விட்டு, பெட்டிகள் ஒழுக ஆரம்பித்தன. சுண்ணாம்பைக் கொட்டினார்கள். மரத்தூளைக் கொட்டினார்கள். மேஸ்திரி குசுமானோ, தலையில் முடியில்லாத பெருத்த ஆள், வாசலோரம் இருந்த ஒரு பெட்டியின் மேல் தாளை விரித்துக் கடலைமாவு வடை வைத்த ரொட்டியைத் தின்பான். இங்கே உட்கார்ந்தால்தான் நிம்மதி, ஒருத்தனும் பங்கு கேட்க மாட்டான் என்பான். அவன் கன்னம் அசைவதைப் பார்க்காமல் ரொசோலினோ திரும்பிக்கொள்வான்.

அந்தக் கொட்டகையில், மூன்றாம் வரிசையில், அடியில் இருந்த பெட்டி அவனுடைய மாமனாருடையது. அது அவனுக்கும் குசுமானோவுக்கும் மட்டும்தான் தெரியும். அவன் மனைவி நின்ஃபாவுக்குத் தெரியாது.

மாமனார் ஒனோஃப்ரியோ, ஊர் மரியாதையில் தோன் ஒனோஃப்ரியோ, பலாரோவில் ஐம்பது வருடம் சவரக்கடை வைத்திருந்தவர். சுத்தம் என்றால் அப்படியொரு சுத்தம். கையை எலுமிச்சைத் தோலால் தேய்த்துக் கழுவாமல் ரொட்டியைத் தொடமாட்டார். வீட்டில் இருந்தாலும் காலையில் கழுத்துப்பட்டை கட்டி வாசனைத் தண்ணீர் தெளித்துக்கொண்டுதான் காபிக்கு உட்காருவார். குழிவெட்டுகிறவனுக்குப் பெண்ணைக் கொடுக்க மாட்டேன் என்று இரண்டு வருடம் நின்றார். கொடுத்த பிறகும் மருமகன் துடைத்த துண்டைத் தொட்டதில்லை. மனைவி செத்து, கடையை மூடி, இவர்கள் வீட்டோடு வந்து ஒன்பது வருடம் இருந்தார். அந்த ஒன்பது வருடமும் மேசையில் ரொசோலினோவுக்கு எதிர்க்கோடியில்தான் அவர் நாற்காலி. சண்டையில்லை, சச்சரவில்லை. தள்ளி உட்காருவார், அவ்வளவுதான். கடைசி ஒரு வருடம் படுக்கையில் விழுந்து எல்லாம் அதிலேயே என்று ஆனபோது, நாறுகிறதா நாறுகிறதா என்று மகளைக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

சாவதற்கு இரண்டு நாள் முன்பு மருமகனைக் கூப்பிட்டு அருகில் உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை.

"அந்தக் கொட்டகை விவகாரம் ஊரெல்லாம் பேசுறாங்க. என்னை அதுல போட்டுடாதே. உன் வாடையோட இத்தனை வருஷம் சாப்பாட்டுக்கு உக்காந்திருக்கேன். அந்த வேலையால எனக்கு இந்த ஒண்ணாவது நடக்கட்டும்."

"நான் பாத்துக்குறேன் தோன் ஒனோஃப்ரியோ. நீங்க தூங்குங்க" என்றான் ரொசோலினோ.

பார்த்துக்கொள்ள அவனால் முடியவில்லை. அலுவலகத்தில் கேட்டான், கெஞ்சினான், குசுமானோவை விட்டும் கேட்கச் சொன்னான். வேலையாட்களின் சொந்தக்காரர்களை முன்னால் விட்டால் வெளியே நிற்கிற சனம் கொளுத்திவிடும் என்றார்கள். அது நியாயமும்தான். அவர் செத்த மறுநாள் சாயந்திரம் பெட்டி வாசலுக்கு வந்தபோது நின்ஃபாவைப் பார்த்து, உள்ளே கொத்தனார்கள் சுவர் மாடத்தில் வைத்துப் பூசுவார்கள், பெண்கள் நிற்கக் கூடாது, நீ வீட்டுக்குப் போ என்றான். வாயிலிருந்து அது தானாக வந்தது. அவள் அழுத கண்ணோடு அவன் கையைப் பிடித்து, இடம் வாங்கிட்டியா, பப்பாவுக்கு இடம் வாங்கிட்டியா என்று கேட்டு அந்தக் கையை முத்தமிட்டாள். அதற்கப்புறம் வாயைத் திறந்து எப்படிச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு போய், பெயர்க்கல் இன்னும் பதிக்காத, சிமெண்டு ஈரம் காயாத ஒரு மாடத்தைக் காட்டினான். முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த யாரோ ஒருவருடையது. கல் செதுக்குகிறவனிடம் கூட்டம், வர மாதக்கணக்காகும் என்றான். அதன்பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவள் சிவப்புக் கார்னேஷன் பூ வாங்கிக்கொண்டு அங்கே போனாள். சிமெண்டில் நெற்றியை வைத்துப் பேசினாள். ரொசோலினோ பத்தடி தள்ளி நின்றான். பதினாறு ஞாயிறு.

தினமும் அவன் வீடு வந்ததும், படிக்கட்டிலேயே சட்டையைக் கழற்றிச் சாம்பல் தண்ணீர் வாளியில் போடச் சொல்லுவாள். முதுகைத் தேய்த்துவிடுவாள். ஒருநாள் முகம் சுளித்ததில்லை. சாப்பாடு வைத்துக்கொண்டே, இன்னிக்கு பப்பாவைப் போய்ப் பாத்தியா என்று கேட்பாள். பார்த்தேன் என்பான் அவன். அது மட்டும் பொய்யில்லை.

நவம்பர் இரண்டு வந்தது. இறந்தவர்கள் தினம். அன்றைக்கு ஊரே கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கும். செத்துப்போன தாத்தா பாட்டிகள் கொடுத்தது என்று சொல்லிக் குழந்தைகளுக்குப் பொம்மையும் மிட்டாயும் வாங்கித் தருவார்கள். ரொசோலினோவுக்குக் காலை ஐந்து மணியிலிருந்து வேலை. கொட்டகைக்குள் ஆள் போகாமல் கயிறு கட்டி நிற்க வேண்டும். வெளியே நின்றவர்கள் அவனைத் திட்டினார்கள். ஒரு கிழவர் எச்சிலைத் துப்பினார். அது பூட்ஸில் விழுந்தது. துடைக்கக் குனிந்தபோது குசுமானோ பின்னால் வந்து தோளைத் தட்டினான்.

"ரொசோலி, சுவர்ப்பக்கம் போ. உன் பொண்டாட்டி ஒரு அம்மாவோட மல்லுக்கு நிக்கிறா. நான் கயித்தைப் புடிக்கிறேன்."

போய்ப் பார்த்தால் கூட்டம் கூடிக் கிடந்தது. நடுவில் நின்ஃபா, கையில் கார்னேஷன் பூ. அவள் எதிரில் கறுப்பு உடை போட்ட குள்ளமான ஒரு விதவை, இரண்டு வளர்ந்த மகள்களோடு. மாடத்தில் வெள்ளைச் சலவைக்கல் பளபளவென்று பதித்திருந்தது. அதில் பீங்கான் தட்டில் ஒரு படம்: கொழுத்த கன்னமும் பெரிய மீசையுமாக ஒரு ஆள், யாரோ சொன்ன வேடிக்கைக்குச் சிரிப்பதுபோல.

"உங்க மேல தப்பில்ல சிஞோரா. ஆளுங்க தப்பா கொண்டுவந்து ஒட்டிட்டாங்க. எங்கப்பா மேல இருக்குது உங்க கல்லு. கழட்டச் சொல்லுங்க" என்று நின்ஃபா பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"என் புருஷனை உள்ள வெச்சு, ஒவ்வொரு செங்கல்லா அடுக்கினதை நான் இங்கயே நின்னு பாத்தேன்மா. ஜூலை பத்தாம் தேதி" என்றாள் விதவை. அப்புறம் அவள் கண் பூவுக்குப் போனது. "ஓ. வாராவாரம் இந்தச் சிவப்புப் பூவை வெச்சது நீதானா? எவ வந்து இவருக்குப் பூ வெக்கிறான்னு நாலு மாசமா எனக்குத் தூக்கமில்ல. செத்த மனுஷனை நான் என்னென்னவோ திட்டித் தீத்துட்டேன்."

கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். நின்ஃபா சிரிக்கவில்லை. ஜூலை பத்து என்று தனக்குள் சொல்லிப் பார்த்தாள். அவள் அப்பா செத்தது பதினொன்றாம் தேதி. தலையைத் தூக்கியபோது ரொசோலினோ நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தாள். அதற்குமேல் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. விதவையின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பூவை அந்த மீசைக்காரனுக்கே வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு மணிக்கு அவன் பின்வாசலுக்கு வந்தபோது குழாய்ப் பக்கத்தில் நின்றாள். அவன் கைகழுவி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தாள். நடந்தார்கள். ஆற்றுப் பாலத்தின் நடுவில் வந்ததும் அவள் நின்றாள்.

"எங்க இருக்காரு?"

"கொட்டகையில."

"கொட்டகையில எங்க?"

"மூணாவது வரிசை. அடியில."

"மேல என்ன?"

"ரெண்டு பெட்டி. ஒரு கன்னியாஸ்திரி. அதுக்கு மேல ஒரு லாரி டிரைவர்."

"ஒழுகுதா?"

"எல்லாம்தான் ஒழுகுது நின்ஃபா."

"நான் எல்லாத்தையும் கேக்கல."

"ஆமா. ஒழுகுது."

அவள் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் குனிந்து ஆற்றுக்குள் வாந்தி எடுத்தாள். ரொசோலினோ முதுகைத் தடவக் கையை நீட்டினான். அவள் திரும்பாமலே அந்தக் கையைத் தட்டிவிட்டாள். கழுத்தில் கட்டியிருந்த துணியால் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"அப்பாவை ஒருநாள் கன்னத்துல அறைஞ்சேன்னு அந்தச் சுவர்ல சொன்னேன். மூணாவது தடவை விரிப்பை நனைச்சாருன்னு. பாதிரியார்கிட்டகூட அதைச் சொன்னதில்ல. சொன்னப்போ நீ எங்க நின்னே?"

"மரத்தடியில."

"காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"தொப்பி எங்க இருந்துச்சு?"

அவனுக்குக் கேள்வி புரிய ஒரு நொடி ஆனது. "கையில."

"தொப்பியைக் கழட்டிக் கையில வெச்சுக்கிட்டு நின்னே. எவனோ ஒரு மீசைக்காரன்கிட்ட நான் என் மானத்தை அவுத்து வெச்சுக்கிட்டிருக்கேன், நீ தொப்பியைக் கழட்டிட்டு நின்னே."

அவரிடம் முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை, அப்புறம் உன்னிடமும் வரவில்லை என்று ரொசோலினோ என்னென்னவோ சொன்னான். இன்றைக்குச் சொல்லலாம் நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்ததையும், அதற்குள் இடம் கிடைத்துவிட்டால் ராத்திரியோடு ராத்திரியாக மாற்றிவிடலாம் என்று கணக்குப் போட்டதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அது அவன் காதுக்கே அசிங்கமாக இருந்தது. பாலத்துக்கு அந்தப்பக்கம் மெத்தைக் குவியலில் ஒரு நாய் எதையோ இழுத்துக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே அவன் சொன்னதைக் கேட்டு முடித்தாள்.

"உன் சட்டையை இத்தனை நாள் இந்தக் கையால துவைச்சிருக்கேன். ஒருநாள் எனக்குக் குமட்டினதில்ல" என்றாள். "இப்ப உன் மூஞ்சியைப் பாத்தா குமட்டுது. திரும்பு. என்னை அங்க கூட்டிட்டுப் போ."

"வேணாம். உன்னால தாங்க முடியாது."

"தினமும் நீ என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்ததுதானே."

திரும்பி நடந்தார்கள். கொட்டகைக்கு முன்னாலிருந்த கூட்டம் குறைந்திருந்தது. கயிற்றைப் பிடித்து நின்ற குசுமானோ அவளைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கினான். உள்ளே ஈக்கள் ஒரே இரைச்சல். மரத்தூள் காலடியில் கூழாக இருந்தது. நின்ஃபா மூக்கைப் பொத்தவில்லை. பொத்தக் கூடாது என்று வீம்பாக இருந்தாள் என்பது அவள் கழுத்து நரம்பில் தெரிந்தது. மூன்றாம் வரிசைக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். பெட்டியில் பெயர் இல்லை.

"பேர் எங்க?"

"சுவத்துப் பக்கம். நான்தான் திருப்பி வெச்சேன். யாராவது பாத்து உன்கிட்ட வந்து சொல்லிடுவாங்கன்னு."

"வெளிய எடு."

குசுமானோ வந்து தோள் கொடுத்தான். லாரி டிரைவரை இறக்கினார்கள், கன்னியாஸ்திரியை இறக்கினார்கள். ஒனோஃப்ரியோவை இழுத்தபோது அடிப்பலகையிலிருந்து கறுத்த எண்ணெய் மாதிரி ஒன்று நூலாக இறங்கிற்று. குசுமானோ முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினான். நின்ஃபா கழுத்துத் துணியை அவிழ்த்தாள். தொடாதே நின்ஃபா, அது ஆகாது என்று ரொசோலினோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் அந்தக் கையை ஒரு பார்வை பார்த்தாள். விட்டுவிட்டான். அவள் முழங்காலிட்டு, பலகையின் ஓரத்தைத் துடைத்தாள், குமட்டி ஓங்கரித்துக்கொண்டு முகத்தை அந்தப்பக்கம் திருப்பினாள், மறுபடி துடைத்தாள். ஒரு வருடம் படுக்கையில் கிடந்தவரைத் துடைத்துப் பழகின கை அது. துணி போதாமல் ரொசோலினோ தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். அதை வாங்கிக்கொண்டாள். தையல் விட்ட இடத்தில் குசுமானோ தார் பூசினான். அப்புறம் பெயர் தெரிகிற பக்கத்தை வெளியே வைத்து, மேலே எதையும் ஏற்றாமல், சுவரோரம் தனியாக வைத்தார்கள்.

"இவர் எனக்கு மொத மீசை மழிச்சு விட்டவரு" என்றான் குசுமானோ. இத்தனை நாளும் அவன் அதைச் சொன்னதில்லை.

வெளியே வந்தபோது நான்கு மணி தாண்டியிருந்தது. ரொசோலினோ உள்சட்டையோடு நடந்தான். அவள் இரண்டடி முன்னால் நடந்தாள். பலாரோவில் அன்றைக்கு அந்த நேரத்திலும் சந்தை கலையவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் சர்க்கரைப் பொம்மைகளும் வாதுமை மாவில் செய்த பழங்களும் வைத்த மேசைகள். ஆட்கள் நெருக்கியடித்து நின்றார்கள். இவர்கள் இரண்டு பேரும் வர வர கூட்டம் தானாக வழி விட்டது. ஒரு தாய் குழந்தையைத் தூக்கித் தோளில் முகத்தை அழுத்திக்கொண்டாள். மிட்டாய் மேசைக்குப் பின்னாலிருந்த நரைத்த ஆள் சட்டைக் கையால் மூக்கை மூடிக்கொண்டு, மற்றொரு கையால் போ, சீக்கிரம் போ என்று மாட்டை விரட்டுவதுபோல வீசினான்.

ரொசோலினோ தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான். தினமும் அப்படித்தான் நடப்பான். நின்ஃபா நடக்கவில்லை. மேசைக்கு அருகே போய் நின்றாள்.

"யாரோட வாடைன்னு தெரியுமா இது?" என்று சாதாரணமாகக் கேட்டாள். "தோன் ஒனோஃப்ரியோவோடது. அதோ அந்த மூலைக் கடையில அம்பது வருஷம் இந்தத் தெருவுக்கே முகம் மழிச்சவரு. உனக்கும்தான். உன் கல்யாணத்தன்னிக்குக் காலையில கடையை உனக்காகச் சீக்கிரம் தெறந்தாரு. கையை எடு. எங்கப்பா போறாரு."

அவன் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு அவளையே பார்த்தான். பிறகு சட்டைக் கையை மூக்கிலிருந்து மெதுவாக எடுத்தான். நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். அடுத்த மேசையில் இருந்தவளும் போட்டுக்கொண்டாள். இன்னும் இரண்டு பேர் தொப்பியை எடுத்தார்கள். எடுத்தவர்கள் முகமும் வெளிறித்தான் இருந்தது; அந்த நாற்றத்தை மரியாதையால் குறைக்க முடியாது. நின்ஃபா எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு நடந்தாள்.

வீட்டுப் படிக்கட்டில் அவனை நிறுத்தினாள். முதலில் நான் குளிக்கணும், நீ இங்கேயே இரு என்றாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. படியில் உள்சட்டையோடு உட்கார்ந்திருந்தபோதுதான், நான்கு மாதத்தில் அந்தக் கிழவருக்காகத் தான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை என்பது ரொசோலினோவுக்கு உறைத்தது. பயப்பட்டதில் அழ நேரமில்லாமல் போயிருந்தது. இப்போது அழுதான். மேல்மாடிக்காரி படியேறி வந்தவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு தாண்டிப் போனாள்.

கதவு திறந்தது. தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"தண்ணி காய வெச்சிருக்கேன். முதுகை நீயே தேய்ச்சுக்கோ" என்றாள். "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்குக் கிளம்புவே?"

"ஆறு."

"நானும் வர்றேன்."

வந்தாள். ஞாயிறு தவிர எல்லா நாளும், துணியும் சுண்ணாம்பும் ஒரு பையில் போட்டுக்கொண்டு. அவளைப் பார்த்து, கொட்டகையில் கிடந்த வேறு மூன்று நான்கு பேருடைய மகள்களும் வர ஆரம்பித்தார்கள். அலுவலகத்தில் முதலில் தடுத்தார்கள். பிறகு கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார்கள். வேலையை முடித்துவிட்டுப் போய்விடுவாள். அவனுக்காகக் காத்திருப்பதில்லை. வீட்டில் சாப்பாடு போட்டாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள். அதற்குமேல் கிடையாது.

பிப்ரவரியில் மேட்டுப்பக்கம் புதிதாக நிலம் சேர்த்தார்கள். பட்டியலின்படி ஒனோஃப்ரியோவின் முறை ஒன்பதாம் தேதி வந்தது. தோண்டுகிற இயந்திரம் நின்றுகொண்டிருந்தது. அதை ஓட்டுகிறவன் பத்து நிமிடத்தில் முடித்துத் தருகிறேன் என்றான். நின்ஃபா ரொசோலினோவைப் பார்த்தாள். அவன் மண்வெட்டியை எடுத்தான்.

முதல்நாள் மழை பெய்து மண் கனத்திருந்தது. தோள் மட்டத்துக்கு இறங்கவே பதினொரு மணி ஆயிற்று. பாதிரியார் வந்து, கடிகாரத்தைப் பார்த்து, அரைமணி கழித்து வருவதாகச் சொல்லிப் போனார். சட்டப்படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தோண்டி, சுவரைச் சீவி, அடியை மட்டமாக்கிவிட்டு ரொசோலினோ நிமிர்ந்தான். குழியின் விளிம்பில் நின்ஃபாவின் செருப்புத்தான் அவன் கண்ணுக்கு நேராகத் தெரிந்தது. போதுமா என்று கேட்டான்.

அவள் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தாள். ஈர மண் வாசம்தான் மேலே வந்தது.

"இன்னும் ஒரு முழம்" என்றாள்.

அவன் மறுபடி குனிந்தான்.